தலையில் விழுந்த குண்டு

ஆங்கிலத்தில் ‘பாம்ஷெல்’ என்றால் முதலில் வெடிகுண்டு. பிறகு ஆளைத் திடுக்கிட வைக்கும் செய்தி. நாமும் ‘தலையில குண்டைத் தூக்கிப் போட்டுட்டான்’ என்கிறோம். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் மலாயாவின் ஈப்போவில் குண்டு போட்டபோது, ரப்பர் பால் வாளியை மர நிரையிலேயே விட்டு, குடியிருந்த லயத்துக்கு ஓடியவர் என் பாட்டி. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையும் கேட்டவர். ஆனால் ‘குண்டு’ என்று அவர் சொன்னது வேறொன்றை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் ஒருநாள், விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கையில் பால்வெட்டும் கத்தியோடு நின்றவர்களிடம் கணக்கெழுதும் கிராணி சொன்னார்: “தோட்டத்த வித்தாச்சு.” லயமும் போயிற்று. இப்படி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர் பணத்திலேயே வாங்க, சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது 1960இல். எங்கள் தோட்டம் அதற்கு முன்பே கைமாறிவிட்டது.