தானியங்கிக் கியர் பெட்டியில் இணைப்புத் தாமதம்

இணைப்புத் தாமதம் என்பது, தானியங்கிக் கியர் பெட்டி கொண்ட ஊர்தியில் தெரிவு நெம்புகோலை நடுநிலையிலிருந்து முன்செல் நிலைக்கோ பின்செல் நிலைக்கோ நகர்த்திய பிறகு, கியர் பிணைய வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும் பழுதாகும். நல்ல நிலையிலுள்ள பெட்டியில் இப்பிணைப்பு ஏறத்தாழ ஒரு நொடியில் நிகழும். காத்திருக்கும் வேளையில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கியர் இடித்துப் பிணைவதுடன் கிளட்ச் தட்டுகளும் கருகும். மேட்டில் நிற்கும் வண்டி பின்னோக்கி உருளவும் கூடும்.

செயற்பாடு

எஞ்சினால் சுழற்றப்படும் பம்பு, அடித்தொட்டியிலுள்ள எண்ணெயை வடிகட்டி வழியாக உறிஞ்சுகிறது. வால்வுத் தொகுதி அதனை உரிய கிளட்சுக்கு அனுப்ப, அங்குள்ள பிஸ்டன் நகர்ந்து தட்டுகளை நெருக்குகிறது. இப்பாதையில் எங்கு அழுத்தம் குறைந்தாலும் தாமதம் உண்டாகும். எஞ்சின் ஓடினால்தான் பம்பு சுழலும் என்பதால், பழுதான வண்டியை அதன் இயங்கு சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்துச் செல்லலாகாது.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில்

அசோக் லேலண்டு, டிவிஎஸ் ஆகியவற்றின் ஆலைகளால் ஓசூர் வாகனத் தொழில் நகரமாக அறியப்படுகிறது. இங்கு உருவாகும் கியரில்லாப் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெல்ட்டினால் இயங்குபவை. அவற்றில் இத்தகைய எண்ணெய்ச் சுற்று இல்லையாதலால் இப்பழுதும் இல்லை. மாருதி எஸ்டீம், ஜென் போன்ற பழைய கார்களின் தானியங்கி வகைகளுக்கே இக்கட்டுரையில் கூறப்படுபவை பொருந்தும்.

கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்திலும் ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இவற்றை இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 மேலுமலை ஏற்றத்தைக் கடந்து செல்கிறது. இத்தகைய ஏற்றத்திலும், அத்திப்பள்ளி எல்லையை ஒட்டிய நெரிசலிலும் டார்க் கன்வெர்ட்டர் எண்ணெயைச் சூடாக்குகிறது. பல ஆண்டுச் சூட்டில் பிஸ்டனின் ரப்பர் சீல்கள் இறுகிவிடும். இறுகிய சீல் ஓசூரின் மார்கழிக் குளிரில் கசிந்து தாமதத்தைக் காட்டும். சூடேறியதும் சற்று இளகி அடைத்துக்கொள்ளும். எனவே விடியலில் திணறும் வண்டி, நண்பகலில் கிருஷ்ணகிரிப் பட்டறையை அடையும்போது குறையேதும் காட்டாமல் போகலாம். வண்டியை இரவு முழுதும் பட்டறையிலேயே நிறுத்திக் காலையில் சோதிப்பதே இதற்கு வழி.

கண்டறிதல்

முதலில் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் எண்ணெய் சூடேறிய பின், எஞ்சின் ஓடும்போதே அளவுகோலைப் பார்ப்பர். ஹோண்டாவில் எஞ்சினை நிறுத்தியவுடன் பார்ப்பர். இவ்வேறுபாட்டை அறியாமல் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றிவிடுவதும் உண்டு. பழுப்பு நிறமும் கருகிய வாடையும் கிளட்ச் தேய்வைக் காட்டும். பால் கலந்தாற்போன்ற இளஞ்சிவப்பு நிறம், ரேடியேட்டர் நீர் உட்புகுந்ததன் அறிகுறியாகும்.

அடுத்தது தாமத நேரச் சோதனை. டொயோட்டா கையேடுகளின்படி, எண்ணெய் 50 முதல் 80 பாகை செல்சியசில் இருக்கும்போது, பிரேக்கை அழுத்தியவாறு நடுநிலையிலிருந்து கியரை மாற்ற வேண்டும். முன்செல் நிலைக்கு 1.2 நொடிக்கும் பின்செல் நிலைக்கு 1.5 நொடிக்கும் குறைவாக ஆக வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் மும்முறை அளந்து சராசரி காண்பர். இரு திசையிலும் தாமதம் எனில் பம்பு, வடிகட்டி, அழுத்தச் சீராக்கி ஆகிய பொதுவான உறுப்புகளையும், ஒரு திசையில் மட்டும் எனில் அத்திசைக்குரிய கிளட்ச், பிரேக் பட்டை ஆகியவற்றையும் ஐயுற வேண்டும். இரவு நின்ற வண்டியில் முதல் பிணைப்பு மட்டும் தாமதித்தால், டார்க் கன்வெர்ட்டரிலிருந்து எண்ணெய் தொட்டிக்கு வடிந்திருக்கக் கூடும். அழுத்தமானியை இணைத்து அளந்த பிறகே பெட்டியைப் பிரிப்பது முறை. அளக்காமலே பெட்டியை மாற்றச் சொல்வது உரிமையாளருக்கு வீண் செலவாகும்.

பழுதுநீக்கம்

குறைந்த எண்ணெயை நிரப்புதல், கசிவை அடைத்தல், வடிகட்டியை மாற்றுதல் ஆகியவை பெட்டியைக் கழற்றாமலே செய்யக் கூடியவை. தொட்டியை வடித்தால் கன்வெர்ட்டரிலுள்ள எண்ணெய் அப்படியே தங்கிவிடும் என்பதால் ஒருமுறை மாற்றுவது முழு மாற்றமாகாது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை எண்ணெயையே ஊற்ற வேண்டும். புதிய எண்ணெய் பழைய பெட்டியைக் கெடுக்கும் எனப் பரவலாகக் கூறப்படுவது முற்றிலும் சரியன்று. தட்டுகள் முன்னரே தேய்ந்திருந்த பெட்டிகளே அவ்வாறு செயலிழக்கின்றன. சீல்களும் தட்டுகளும் கெட்டிருந்தால் பெட்டியை இறக்கிப் பிரித்தே ஆக வேண்டும். அப்போது ரேடியேட்டரிலுள்ள எண்ணெய்க் குளிர்விப்பானைக் கழுவாமல் விட்டால், அதில் தங்கிய உலோகத் துகள்கள் புதுப்பித்த பெட்டிக்குள் மீண்டும் சென்றுவிடும்.