காப்புறுதி இல்லாதவரின் வயிற்றுவலி: தாமதத்தின் விலை

குடல்வளரி அழற்சி ஏழை, பணக்காரர் பார்த்து வருவதில்லை. ஆனால் அது வெடிக்கும் முன் வைத்தியசாலைக்கு வருபவர் யார், வெடித்த பின் வருபவர் யார் என்பதில் மருத்துவக் காப்புறுதிக்குப் பங்குண்டு. அமெரிக்கா இதற்குத் தெளிவான உதாரணம்.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரைப் பணமில்லை என்று திருப்பி அனுப்புவதை 1986 ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு தடுக்கிறது. நோயாளியைப் பரிசோதித்து, ஆபத்தான நிலையிலிருந்து மீட்க வேண்டும். ஆயினும் சிகிச்சைக்கான கட்டணம் பின்னர் வீடு தேடி வரும். அந்த அச்சத்தில் பலர் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

குடல்வளரி வெடித்தால் கிருமித்தொற்று வயிற்றறை முழுவதும் பரவலாம். சிறிய சத்திரசிகிச்சையுடன் முடிந்திருக்க வேண்டியது, பல நாட்கள் வைத்தியசாலையில் தங்கும் நிலையாகிறது. ஹேர்னியாவும் அப்படித்தான். உரிய காலத்தில் சீர்செய்யாவிட்டால் குடல் இறுகி, இரத்தோட்டம் தடைப்பட்டு உயிராபத்து நேரலாம்.

கலிபோர்னியாவில் 1984 முதல் 1989 வரையான வைத்தியசாலைப் பதிவுகளை ஆராய்ந்து 1994 இல் ஓர் ஆய்வு வெளியானது. முற்பணம் செலுத்தும் தனியார் காப்புறுதித் திட்டங்களில் இருந்தவர்களை விட, காப்புறுதி அற்றவர்களுக்குக் குடல்வளரி வெடித்திருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. வறியோருக்கான அரச காப்புறுதியான மெடிக்கெய்ட் பெற்றவர்களின் நிலையும் அதேதான். காப்புறுதி அட்டை இருந்தால் மட்டும் போதாது, வேளைக்கு வைத்தியரை அணுகவும் முடியவேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

2014 இல் பல மாநிலங்கள் மெடிக்கெய்ட் திட்டத்தை விரிவாக்கின. குடல்வளரி, பித்தப்பை அழற்சி உள்ளிட்ட ஐந்து நோய்களை ஆராய்ந்து 2018 இல் வெளியான ஆய்வின்படி, அம்மாநிலங்களில் சிக்கல் ஏற்படும் முன்னரே வந்தவர்களின் பங்கு, விரிவாக்காத மாநிலங்களுடன் ஒப்பிடுகையில் 1.8 சதவீதப் புள்ளிகள் கூடியது. சிறிய எண்தான்; ஆனால் நூறாயிரக் கணக்கான நோயாளிகளிடையே அது பெரிய மாற்றம்.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்குக் காப்புறுதி கேட்கப்படுவதில்லை. எங்களிடம் தாமதத்துக்குக் காரணம் தூரமாக, போக்குவரத்தாக, அன்றாடக் கூலியை இழக்கும் பயமாக இருக்கலாம். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி, வாந்தி, காய்ச்சல் இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவையும் இலவசமே.