நாணய உலோகப் பகுப்பாய்வில் லேசர் நிறமாலையியல்

நாணயத்தின் மீது லேசர் துடிப்பைப் பாய்ச்சி, அப்போது எழும் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதிலுள்ள உலோகங்களை அறியும் முறைக்கு லேசர் தூண்டல் முறிவு நிறமாலையியல் என்று பெயர். ஆய்வகங்களில் சுருக்கமாக ‘லிப்ஸ்’ என்பார்கள். பெரும்பாலும் 1064 நானோமீட்டர் நியோடிமியம்-யாக் லேசரே பயன்படுகிறது. சில நானோ விநாடிகள் நீடிக்கும் துடிப்பு, துளி உலோகத்தை ஆவியாக்கிப் பிளாஸ்மாவாக்குகிறது. அது தணியும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களில் ஒளிர்கிறது. செம்பின் கோடுகளில் ஒன்று 327.40 நானோமீட்டரிலும், வெள்ளியின் கோடுகளில் ஒன்று 328.07 நானோமீட்டரிலும் விழும். நுணுக்கம் குறைந்த கருவியில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடும். வெள்ளி-செம்பு நாணயத்துக்கு அது பெரிய குறை.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட்டால் ஆழத்தையும் படிக்கலாம் என்பதே இம்முறையின் தனிச்சிறப்பு. 95 விழுக்காடு செம்பாக இருந்த அமெரிக்க ஒரு சென்ட், 1982இல் செம்புப் பூச்சிட்ட துத்தநாகமாக மாறியது. பிந்தையதில் முதல் துடிப்புகள் செம்பை மட்டுமே காட்டும். பூச்சு துளைபட்டதும் துத்தநாகக் கோடுகள் எழும். (இதற்கு லேசர் வேண்டியதில்லை, 3.11 கிராம் 2.5 கிராமாகக் குறைந்ததை நகைக்கடைத் தராசே சொல்லிவிடும்.) ரோமானிய வெள்ளிக் காசுகளை அப்படி எளிதில் பிடிக்க முடியாது. கி.பி. 64 வாக்கில் பேரரசர் நீரோ, தினாரியஸ் என்ற காசின் வெள்ளியைக் குறைத்தார். பிற்காலக் கலப்படக் காசுகள் பலவற்றின் மேற்பரப்பில் செம்பு நீங்கி வெள்ளி செறிந்திருக்கும். மேற்பரப்பை மட்டும் அளக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறை அதனால் ஏமாறும். ஆனால் லிப்ஸ், நுண்ணோக்கியில் தெரியும் சிறு குழியை விட்டுச்செல்கிறது. ‘சேதமில்லா முறை’ என்பது சற்று மிகையான பேச்சு.

ஒரு நிறமாலையில் ஆயிரக்கணக்கான அளவீடுகள் இருக்கும். துடிப்புக்குத் துடிப்பு செறிவு மாறும். வலுவான கோடுகளின் ஒளியைப் பிளாஸ்மாவே ஓரளவு விழுங்கிவிடும். எனவே கோட்டின் உயரத்தை உலோக விகிதமாக அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. இங்குதான் இயந்திரக் கற்றல் வருகிறது. முதன்மைக் கூறு பகுப்பாய்வு அளவீடுகளைச் சுருக்குகிறது. ஆதரவுத் திசையன் எந்திரம், நரம்பியல் வலையமைப்பு போன்றவை நாணயங்களை வகைப்படுத்துகின்றன.

இத்தகைய வகைப்பாட்டுக்கு வெளியிடப்படும் துல்லிய விழுக்காடுகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஒரே நாணயத்தின் நிறமாலைகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிட்டால், நிரல் உலோகக் கலவையை அல்ல, அந்த நாணயத்தையே மனப்பாடம் செய்திருக்கும். ஆகவே துடிப்புவாரியாக அல்லாமல் நாணயவாரியாகப் பிரிப்பதே சரி. கைவியர்வையின் சோடியமும் மண்ணின் கால்சியமும்கூட வகைப்பாட்டுக்கு அடையாளமாகிவிடும். அதனால் தொடக்கத் துடிப்புகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுண்டு. பயிற்சியில் இடம்பெறாத புதுவகைக் கள்ள நாணயம் வந்தால், சாதாரண வகைப்படுத்தி தனக்குத் தெரிந்த வகை ஒன்றிலேயே அதைச் சேர்த்துவிடும்.