டெம்பிள் துரையின் ஒரு பவுண்டு தானியமும் நம்ம தொப்பையும்

தொப்பையைக் குறைக்க என்ன வழின்னு யாரைக் கேட்டாலும் வர்ற முதல் பதில்: "சாப்பாட்டைக் குறை, உடம்பை வளைச்சு வேலை செய்." கேட்க நியாயமாத்தான் இருக்கு. இதே வைத்தியத்தை ஒரு அரசாங்கம் லட்சக்கணக்கான ஜனங்க மேல செஞ்சு பார்த்திருக்கு. வேற எங்கேயோ இல்லை, நம்ம சென்னை மாகாணத்துல, 1877இல். யாருக்கும் தொப்பையே இல்லாத காலத்துல!

அந்தக் கதைக்குள்ள போக எனக்குப் பிடிச்ச வாசல் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில சென்னையிலிருந்து பாண்டிக்குப் போறவங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. சாலையோரம் பாத்தி பாத்தியா உப்பளம், வரப்புல வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல். நீளக் கம்பு மாட்டின பலகையால உப்பை வாரிக் குவிக்கிற ஆண், பெண் யாருக்கும் தொப்பை இருந்து நான் பார்த்ததில்லை. கார்ல போற நமக்குத்தான் சீட் பெல்ட் வயித்து மேல ஏறி நிக்குது.

உப்பளத்தை ஒட்டி ஒரு கால்வாய் வந்து முடியுதே, அதான் பக்கிங்ஹாம் கால்வாய். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவுல ஆரம்பிச்சது. அப்புறம் வடக்கே 315 கி.மீ. தள்ளி பெத்தகஞ்சாம் வரைக்கும், தெற்கே 103 கி.மீ. தள்ளி மரக்காணம் வரைக்கும் நீண்டது. உப்பும் விறகும் படகுல போன பாதை. சென்னைக்குள்ள கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற 8 கி.மீ. துண்டு மட்டும் 1877-78இல் வெட்டினது. வெட்டினவங்க பஞ்சத்துல அடிபட்டு வந்த ஜனங்க. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் பிரபுவோட பேரை 1878இல் கால்வாய்க்கு வெச்சாங்க. மண் சுமந்தவங்க பேரு எங்கே இருக்கப் போகுது?

தாது வருஷப் பஞ்சம்னு நம்ம பாட்டிமாருங்க சொல்லுவாங்களே, அதான் இது. 1876இல் மழை பொய்ச்சு, 1878 வரைக்கும் இழுத்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில மட்டும் செத்தவங்க ஐம்பது லட்சத்துக்கு மேலன்னு கணக்கு. இத்தனைக்கும் சென்னைக் கடற்கரையில வெளியூர் அரிசி மூட்டை மூட்டையா இறங்கிக்கிட்டுதான் இருந்தது. வாங்கக் காசில்லை, அவ்வளவுதான். நிவாரண வேலைக்குப் போனா கூலி கிடைக்கும். அந்தக் கூலி எவ்வளவுங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

1877 ஜனவரியில வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிள்ங்கிறவரை சென்னைக்கு அனுப்பினார். இந்த டெம்பிள் ஆரம்பத்துல கல்நெஞ்சக்காரர் இல்லீங்க. 1874இல் பீகார்ப் பக்கம் பஞ்சம் வந்தப்போ பர்மாவிலிருந்து அரிசி இறக்கி ஜனங்களைக் காப்பாத்தினவர். "பணத்தை வாரி இறைச்சிட்டான்"னு அதுக்கு அவருக்குக் கிடைச்சது திட்டு. அந்தச் சூடு ஞாபகம் இருந்ததாலயோ என்னவோ, இங்கே வந்ததும் கணக்குப் புலியா மாறிட்டார். ஒன்றரை பவுண்டு தானியம்னு இருந்த அளவை ஒரு பவுண்டாக்கினார். ஆம்பளைக்கு ஒரு பவுண்டு தானியத்தோட விலையும் ஒரு அணாவும். பொம்பளைக்கு அணாவும் பாதி. "டெம்பிள் கூலி"ன்னு இதுக்குப் பேரே நிலைச்சிடுச்சு.

இப்போ நம்ம பாணியில ஒரு கணக்கு. ஒரு பவுண்டுன்னா 454 கிராம். அதை அரிசின்னு வெச்சுக்கிட்டா சுமார் 1,600 கலோரி. புரதம் 32லேர்ந்து 36 கிராம். நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கிற உடம்புக்கு இது! மைக் டேவிஸ் எழுதின பஞ்ச வரலாற்றுப் புத்தகத்துல இதை நாஜிகளோட புக்கன்வால்டு முகாம் ரேஷனோட ஒப்பிட்டிருப்பார், அதைவிட இது குறைச்சல்னு. இணையத்துல இந்த ஒப்பீடு அடிக்கடி சுத்தும். எனக்கு அதுல ஒரு சின்ன முணுமுணுப்பு உண்டு. கூட இருந்த அந்த ஒரு அணாவைக் கணக்குல சேர்க்கணும். சேர்த்தாலும் பெரிசா மாறாதுன்னு வேணா சொல்லலாம். பஞ்ச விலையில ஒரு அணாவுக்கு எவ்வளவு பருப்பு கிடைச்சிருக்கும், சொல்லுங்க.

அப்போ எதிர்த்து நின்ன ஆள் டாக்டர் கார்னிஷ், மாகாணத்தோட சுகாதாரக் கமிஷனர். வெள்ளைக்காரர்தான், அரசாங்க உத்தியோகஸ்தர்தான். ஆனா டெம்பிளோட முகத்துக்கு நேரா எழுத்துல சண்டை போட்டார். அவர் வாதத்தை இன்னிக்குப் படிச்சாலும் புதுசா இருக்கு. வயித்தை ரொப்புற தானியத்தோட அளவை மட்டும் பார்க்காதீங்க, தசையைக் காப்பாத்துற சத்து அதுல எவ்வளவுன்னு பாருங்கன்னார். "நைட்ரஜன் உள்ள உணவு"ங்கிறது அந்தக் காலத்து வார்த்தை, நாம புரதம்னு சொல்றோம். பருப்பு வேணும்னு கேட்டார். ஜெயில் கைதிக்குக் கொடுக்கிறதைக் கூட இவங்களுக்குக் கொடுக்கலையேன்னார். மே மாசம் சென்னை அரசு இறங்கி வந்து, கடின வேலைக்காவது கூலியை ஏத்தினது. டெம்பிள் அதே வருஷம் பம்பாய் கவர்னரா போயிட்டார். பஞ்சத்துல செத்தவங்க உடம்பை அறுத்துப் பார்த்த டாக்டர் போர்ட்டர்ங்கிறவர் 1889இல் அதைப் பத்தி ஒரு புத்தகமே போட்டார். பட்டினி கிடக்கிற உடம்பு கொழுப்பை மட்டும் கரைக்கிறதில்லை. தசையைத் தின்னும், குடலைத் தின்னும், கடைசியில இதயத்தையும் தின்னும்.

(உப்பு விஷயத்தையும் சொல்லிடறேன். மரக்காணத்தைப் பேசிட்டு உப்பை விட்டா எப்படி? பஞ்சத்தோட கடைசிக் கட்டத்துலதான் சென்னை மாகாணத்துல மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவா இருந்த உப்பு வரி 2 ரூபாய் 8 அணாவா ஏறுச்சு. கஞ்சிக்கு உப்பு போடக் கூட யோசிக்க வெச்ச புண்ணியவான்கள்.)

இதே காலகட்டத்துல லண்டன்ல என்ன நடந்ததுங்கிறீங்க? 1863இல் வில்லியம் பேண்டிங்னு ஒருத்தர் தன் தொப்பை கரைஞ்ச கதையைச் சின்னப் புத்தகமா போட்டார். சவப்பெட்டி, இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யற தொழில் அவருக்கு. 202 பவுண்டு எடை, குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியாத வயிறு. டாக்டர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாத்தையும் விட்டுட்டு, இறைச்சியும் மீனும் சாப்பிட்டு ஒரு வருஷத்துல 46 பவுண்டு குறைச்சார். புத்தகம் சக்கைப்போடு போட்டது. டயட்ல இருக்கிறதுக்கே இங்கிலீஷ்ல "பேண்டிங்"னு வினைச்சொல் வந்துடுச்சு. அவர் விட்டது மாவுச்சத்து, விடாதது புரதம். பதினாலு வருஷம் கழிச்சு சென்னையில டெம்பிள் செஞ்சது இதுக்கு நேர் தலைகீழ்.

நம்ம ஆளுங்க இன்னிக்குத் தொப்பையைக் குறைக்கிறேன்னு பண்றது இதுல யாரோட முறைங்கிறீங்க? அச்சு அசல் டெம்பிள் முறை! காலையில ரெண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு ரசம், ராத்திரி ரெண்டு சப்பாத்தி. அளவு குறையுது, ஆனா தட்டுல இருக்கிறது மொத்தமும் தானியம். கூடவே ட்ரெட்மில்லுல ஒரு மணி நேரம். ரெண்டு மாசத்துல தராசு நாலு கிலோ குறைச்சுக் காட்டும், கன்னம் ஒட்டிடும், பார்க்கிறவங்க "சுகரா சார்?"னு கேப்பாங்க. தொப்பை மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். போன நாலு கிலோவுல ஒரு பங்கு தசை. நமக்கு நாமே டெம்பிள் கூலி நிர்ணயம் பண்ணிக்கிட்டா வேற என்ன ஆகும்?

இதுல நம்ம ஊர் உடம்புக்குன்னு தனியா ஒரு சிக்கல் இருக்கு. 2004இல் லான்செட் இதழ்ல ஒரு போட்டோ வந்தது. ரெண்டு டாக்டருங்க பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க. ஒருத்தர் புனே கே.ஈ.எம். ஆஸ்பத்திரி யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன் யுட்கின் (சர்க்கரைக்கு எதிரா புத்தகம் எழுதின யுட்கின் வேற ஆள்). ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. ஆனா உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. யாஜ்னிக் குழு புனே பக்கத்துக் கிராமக் குழந்தைங்களையும் இங்கிலாந்துக் குழந்தைங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. இங்கே பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம்ம குழந்தைகிட்ட தசை ரொம்பக் குறைவு, ஆனா தோலுக்கடியில இருக்கிற கொழுப்பு அந்த அளவுக்குக் குறையலை. அதாவது கதை கருவுலேயே ஆரம்பிக்குது.

உடனே "வெள்ளைக்காரன் போட்ட பஞ்சத்தாலதான் நமக்குத் தொப்பையும் சுகரும்"னு ஒரு கோடு போடத் தோணும். வாட்சப்புல அது ரொம்ப நாளா ஓடுது. எனக்கும் டெம்பிள் மேல கோவம்தான், அதுக்காக அவ்வளவு நேர்க்கோடு போட முடியாதுங்க. பஞ்சத்துல தாக்குப்பிடிக்கிற மரபணுதான் காரணம்னு ஜேம்ஸ் நீல் 1962இல் ஒரு கருத்தை வெச்சார், அதை இன்னிக்கு வரைக்கும் பிச்சுப் பிச்சு விவாதிக்கிறாங்க. ஒரு பஞ்சத்தைவிட, தலைமுறை தலைமுறையா தாய்மாருங்க அரைவயித்துக்குச் சாப்பிட்டதும், தட்டுல தானியத்தைத் தவிர வேற இல்லாததும் பெரிய காரணமா எனக்குப் படுது. அதே மாதிரி ரேஷன் இலவச அரிசியால ஜனங்க குண்டாயிட்டாங்கன்னு பேசறவங்களோடயும் எனக்கு ஒத்துப்போகாது. பட்டினியை ஒழிச்ச அரிசி அது. பக்கத்துல பருப்பும் முட்டையும் போதுமான அளவு இல்லைன்னா அது அரிசியோட குத்தமா?

2023இல் வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வுல மொத்தப் பருமன் 28.6 சதவீதம், வயித்துப் பருமன் 39.5 சதவீதம். தராசுல தேறிட்டு டேப்புல ஃபெயிலாகிறவங்க எத்தனை பேர் பாருங்க. அதே ஆய்வோட 2025 அறிக்கைப்படி நாம சாப்பிடற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவீதம்தான். கார்னிஷ் இருந்திருந்தா இன்னொரு மனு எழுதியிருப்பார்.

மரக்காணத்துக்கே திரும்பிப் பார்த்தா, பழைய சாப்பாடு இப்படி இருந்ததாத் தெரியலை. சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான்னு ஆய்வாளர்கள் பலரும் சொல்றாங்க. நல்லியக்கோடனைப் பார்க்க நடந்தே போற பாணருக்கு அங்கே பரதவர் கொடுக்கிறது சுட்ட குழல் மீன் கருவாடு. அடுத்த நிறுத்தம் வேலூர்ல புளி சேர்த்த சோத்தோட இறைச்சி, ஆமூர்ல அரிசிச் சோத்தோட நண்டு. சோறு இருக்கு, ஆனா அது தனியா வரலை. அதே பாட்டுல இன்னொரு காட்சியும் இருக்கு: பாணன் வீட்டு அடுப்புல குப்பைக்கீரை உப்பில்லாம வேகுது, அக்கம்பக்கம் பார்த்துடக் கூடாதுன்னு கதவைச் சாத்திக்கிட்டுச் சாப்பிடறாங்க. பசியும் உப்பும் இந்தக் கரையோட ரொம்ப காலமா ஒட்டிக்கிட்டே வருது.

சரி, நடைமுறைக்கு என்ன? சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 பேரை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சு 2006இல் வெளியிட்டாங்க. எல்லாரும் சர்க்கரை நோய் வர்ற விளிம்புல இருந்தவங்க. ஒரு பிரிவுக்கு தினம் அரை மணி நடை, தீட்டின தானியமும் சர்க்கரையும் எண்ணெயும் குறைச்ச சாப்பாடு. மூணு வருஷத்துல சும்மா விட்டவங்கள்ல 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது, இவங்கள்ல 39.3 சதவீதம். இதுல விசேஷம் என்னன்னா, இவங்களுக்கு எடை பெரிசா குறையவே இல்லை! தராசு அசையலைன்னு மூணாவது வாரம் விட்டுட்டு ஓடறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. கையால பிடிக்க வர்ற தொப்பை கடைசியாத்தான் கரையும். உள்ளே கல்லீரலைச் சுத்தி இருக்கிறதுதான் ஆபத்தான கொழுப்பு, அது நடைக்கும் பயிற்சிக்கும் சீக்கிரமே மசியும். வயித்துக்கு மட்டும் பயிற்சி செஞ்சு வயித்துக் கொழுப்பை மட்டும் கரைக்கலாம்ங்கிறது டிவி விளம்பரத்தோட சரி.

அதனால என் ஏற்பாடு இப்படி. அளவு பார்க்க தராசு இல்லை, தையல்காரர் டேப். மூச்சை இழுத்துப் பிடிக்காம அளக்கணும் :-) நம்ம ஊர் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. நான் 97இல் ஆரம்பிச்சு எட்டு மாசத்துல 92க்கு வந்திருக்கேன், எடை மூணு கிலோதான் குறைஞ்சது. சோறு பாதியாச்சு, ஆனா தட்டு காலியா இல்லை. அந்த இடத்துல சுண்டல், முட்டை, கெட்டிப் பருப்பு, மலிவா கிடைக்கிற மத்தியோ நெத்திலியோ. தினம் அரை மணி வேக நடை. வாரத்துல ரெண்டு நாள் தண்டால், உட்கார்ந்து எழற பயிற்சி, தண்ணிக் கேனைத் தூக்கி இறக்கறது. இந்த ரெண்டு நாளை விட்டுடாதீங்க, தசைக்கு இதுதான் கூலி. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க சோத்தைக் குறைக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, சர்க்கரை திடீர்னு இறங்கிடும். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க புரதத்தை ஏத்தறதுக்கும் அப்படித்தான்.

எயிற்பட்டினத்துக் கருவாட்டை மட்டும் எப்பவாவது ஒரு நாள்னு வெச்சிருக்கேன். நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ள நிறுத்தச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம். மரக்காணத்துக்காரங்க கோவிச்சுக்காதீங்க.