செங்கல்லைப் பிளந்த கரிநூல்

1879இல் எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி மின்விளக்கை எரியவைத்தார். அடுத்த ஆண்டே மூங்கில் நாருக்கு மாறினார். எந்த நாரைக் கரித்தாலும் அது எளிதில் ஒடிந்தது. நாரே வேண்டாம், வாயுவிலிருந்து நேரடியாகக் கரிநூலை வளர்த்துவிடலாம் என்று இங்கிலாந்தில் இருவர் துணிந்தார்கள்.

தியோடர் ஹியூஸ், சார்லஸ் சேம்பர்ஸ் என்ற அந்த இருவரும் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் இரும்பு மூசைக்குள் விட்டுச் சூடேற்றினார்கள். உள்ளே மெல்லிய கரிமயிர்கள் முளைத்தன. 1889இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் டங்ஸ்டன் கம்பி வந்ததும் விளக்குகளிலிருந்து கரி விடைபெற்றது. காப்புரிமையை எல்லோரும் மறந்தார்கள். கரிமயிர்களோ யாரும் விதைக்காத இடங்களில் முளைத்துக்கொண்டே இருந்தன.

இரும்பு உருக்கும் ஊது உலைகளில் உட்சுவர்ச் செங்கற்கள் காரணம் தெரியாமல் விரிசல் விட்டன. இங்கிலாந்தின் டேவிஸ், ஸ்லாசன், ரிக்பி மூவரும் அந்தக் கல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கல்லிலிருந்த இரும்புத் துணுக்குகளில் கரிநூல்கள் சுருண்டு வளர்ந்திருந்தன. கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தின்று வளர்ந்த நூல், கல்லையே பிளந்திருந்தது. 1953இல் ‘நேச்சர்’ இதழ் இதை வெளியிட்டது. முந்தைய ஆண்டே சோவியத் விஞ்ஞானிகள் ராதுஷ்கேவிச்சும் லுக்யானோவிச்சும் இத்தகைய நூல் உள்ளே குழலாக இருப்பதைப் படம் பிடித்திருந்தார்கள். அவர்களின் கட்டுரை ரஷ்ய மொழியில் இருந்ததால் மேற்குலகின் கண்ணில் படவில்லை. தொழிற்சாலைகளுக்குக் கரிநூல் தொல்லை தரும் களை. இதை ஆசையாகப் பயிரிட ஒருவர் வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

அவர் ஜப்பானின் மொரினோபு எண்டோ. பென்சீன் ஆவியிலிருந்து இழைகளை வளர்த்தவர், பிரான்சின் ஓர்லியான் நகரில் ஆன்யெஸ் ஓபெர்லினின் நுண்ணோக்கியை நாடிப் போனார். 1976இல் இருவரும் கொயாமாவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் மர்மம் அவிழ்ந்தது. நுண்ணிய இரும்புத் துகள்தான் விதை. அதிலிருந்தே இழை நீண்டது. ஹியூஸும் சேம்பர்ஸும் பாத்திரமாக வைத்த இரும்புக்கு விதையாகவும் ஒரு வேலை இருந்திருக்கிறது! விதை கைக்கு வந்தாயிற்று. விளைச்சலை எங்கே விற்பது?

அமெரிக்காவின் ஹைப்பீரியன் நிறுவனத்துக்காக ஹோவர்ட் டென்னன்ட் 1987இல் இந்த இழைக்குப் புதிய காப்புரிமை பெற்றார். இழையைப் பிளாஸ்டிக்கில் கலக்கும் காலம் தொடங்கியது. கூடவே சிக்கலும் தொடங்கியது. நூறு பங்கு பிளாஸ்டிக்கில் சில பங்கு இழை விழுந்தாலே போதும். உருகிய குழம்புக்குள் நூல்கள் இடியாப்பமாகப் பின்னிக்கொண்டன. பிளாஸ்டிக் ஓட மறுத்தது. ஆனால் அச்சுக்குள் வேகமாக அழுத்தித் தள்ளும்போது நூல்கள் ஓட்டத்தின் திசையில் திரும்பி, குழம்பு மறுபடி இளகியது. ஓட்டத்தைத் தடுத்த அந்தப் பின்னல்தான் அடுத்த அதிர்ஷ்டத்தைக் கொண்டுவந்தது.

பின்னிய நூல்கள் பிளாஸ்டிக்குக்குள் மின்சாரம் போக வழி போட்டன. அந்த வழிக்காகக் காத்திருந்த தொழில் கார் தொழில். பிளாஸ்டிக் குழாய்க்குள் பெட்ரோல் ஓடும்போது நிலைமின்னூட்டம் சேரும். பொறி பறந்தால் நெருப்பு. கரிப்பொடியைக் கலந்தும் இதைத் தடுக்கலாம். ஆனால் அதற்குப் பொடி நிறைய வேண்டும். பிளாஸ்டிக்கின் உறுதியும் குறையும். இந்த நானோ இழையில் சிறிதளவே போதுமானதாக இருந்தது. 1990களில் கார்களின் எரிபொருள் குழாய்க்குள் அது குடியேறியது. புதுச்சேரியின் கருவடிக்குப்பம் வழியாகச் சென்னைக்கு விரையும் கார்களின் அடியில் யாரும் குனிந்து பார்க்காத அந்தக் குழாய், இந்த இழைக்குக் கிடைத்த முதல் பெரிய வேலைகளில் ஒன்று. அதன் பெரும்புகழோ வேறொன்றில் இருந்தது.

அது வெப்பம். உயர் வெப்பத்தில் பதப்படுத்திய தனி இழை தாமிரத்தைவிட நான்கு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். அதைக் கலந்தால் பிளாஸ்டிக்கும் உலோகமாக நடந்துகொள்ளும் என்ற ஆசை பலித்ததா? மின்கடத்தும் திறன் பல கோடி மடங்கு ஏறியபோது, வெப்பம் கடத்தும் திறன் கொஞ்சமே ஏறியது. இரு நூல்களுக்கு இடையிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை எலக்ட்ரான் தாண்டிவிடும். அதிர்வாகப் பயணிக்கும் வெப்பமோ ஒவ்வொரு சந்தியிலும் சிதறிவிடும். இந்தச் சந்திகளோடு ஆய்வாளர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பழங்காலத்திலிருந்து ஒரு செய்தி வந்தது.

2006இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், இந்திய உருக்கிலிருந்து வடித்த 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளுக்குள் கரிக் குழல்களைக் கண்டார்கள். 2020இல் வேலூர் விஐடி ஆய்வாளர்கள் அதைவிடப் பழைய சாட்சியைத் தந்தார்கள். சுமார் 2,600 ஆண்டுகள் பழமையான கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் நானோ கரிக்குழல்கள் இருந்தன.

ஆக, 1889 என்று எழுதிவைத்த பிறந்த ஆண்டு கீழடிக்கே பின்வாங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பானைச் சூளையில் தானாக விளைந்ததை வேண்டும்போது விளைவிக்க, இழையின் விதை எதுவென்று ஒருவர் பார்த்தாக வேண்டியிருந்தது. வெப்பம் சிதறும் சந்தியையும் அதேபோல் பார்த்து வெல்பவர் கையில் இந்த இழையின் இரண்டாம் பிறப்பு இருக்கிறது.