டஸ்கீகி பல்கலைக்கழகமும் பண்பாட்டுச் சுற்றுலாவும்

டஸ்கீகி பல்கலைக்கழகம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள வரலாற்றுக் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று. அடிமைமுறை ஒழிந்த பின்னும் வெள்ளையர் கல்லூரிகள் கதவடைத்திருந்த சூழலில், கறுப்பின மக்களின் கல்விக்கென 1964-க்கு முன் நிறுவப்பட்ட உயர்கல்வி நிலையங்களை இத்தொடர் குறிக்கும்.

அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன், 1881 ஜூலை 4 அன்று சுமார் 30 மாணவர்களுடன் டஸ்கீகியை ஒரு பள்ளியாகத் தொடங்கினார். மாநில அரசு அளித்த ஆண்டுக்கு 2,000 டாலர் ஆசிரியர் ஊதியத்துக்கு மட்டுமே உரியதாகையால், கைவிடப்பட்ட பண்ணை நிலமொன்றை வாங்கிய பின் கட்டடங்களை மாணவர்களே எழுப்ப வேண்டியதாயிற்று. செங்கல் அறுத்து அடுக்கிய முதல் மூன்று சூளைகளும் பாழாகிவிட, வாஷிங்டன் தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளைக்குத் தீ மூட்டினார். அக்கடிகாரத்தை அவர் மீட்கவேயில்லை. இன்று வளாகத்தைச் சுற்றிவருவோர் காணும் பழைய சிவப்புச் சுவர்களுள் பல இவ்வாறு மாணவர் கைகளால் எழுந்தவை. அவற்றைக் கட்டட அழகாக மட்டும் பார்த்து நகர்வது பாதிப் பார்வையே ஆகும். 1899-இல் கட்டப்பட்ட வாஷிங்டனின் இல்லமான 'தி ஓக்ஸ்', மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ராபர்ட் டெய்லரின் வடிவமைப்பு.

பார்வையாளர் வருகை இங்கு அண்மைக்கால வழக்கமன்று. குடியரசுத் தலைவர் மெக்கின்லி 1898-இலும் தியடோர் ரூஸ்வெல்ட் 1905-இலும் வந்தனர். 1941-இல் அப்போதைய குடியரசுத் தலைவரின் மனைவி எலியனோர் ரூஸ்வெல்ட், கறுப்பின விமானி ஆல்பிரட் ஆண்டர்சன் ஓட்டிய விமானத்தில் டஸ்கீகியின் வானில் பறந்தார். கறுப்பினத்தவரால் போர்விமானம் ஓட்ட இயலாது என்ற பழிக்கு அப்பயணம் ஒரு பதிலாக அமைந்தது.

1896-இல் இங்கு வந்து, பருத்தியால் வளமிழந்த மண்ணுக்கு நிலக்கடலையையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பரிந்துரைத்த வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் அருங்காட்சியகம், முன்பு சலவைக்கூடமாக இருந்த கட்டடத்தில் இயங்குகிறது. 1947-ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அவர் வரைந்த ஓவியங்களுள் பல அழிந்தது பேரிழப்பு.

1965-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இவ்வளாகம், 1974-இல் தேசிய வரலாற்றுத் தலமாகித் தேசியப் பூங்கா அமைப்பில் இடம்பெற்றது. அடிமைகள் பாடிய ஆன்மிகப் பாடல்களைச் சித்திரிக்கும் வண்ணக்கண்ணாடிச் சாளரங்கள் பழைய தேவாலயத்துடன் 1957-இல் எரிந்துபோயின. 1969-இல் எழுந்த புதிய தேவாலயத்தில் அவை மீண்டும் உருவாக்கப்பட்டுள்ளன. அதனருகில் உள்ள சிறு கல்லறைத் தோட்டத்தில் வாஷிங்டனும் கார்வரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.