பிரியான்

பிரியான் என்பது மடிப்புப் பிறழ்ந்த ஒரு புரதம். மூளை உயிரணுக்களில் இயல்பாகவே இருக்கும் அதே புரதத்தைத் தொட்டுத் தன்னைப்போல் பிறழச் செய்து, மூளையைக் கடற்பஞ்சுபோல் துளைத்துவிடும். பாக்டீரியாவும் வைரஸும் பெருக டி.என்.ஏ.வோ ஆர்.என்.ஏ.வோ வேண்டும், பிரியானுக்கு இரண்டும் தேவையில்லை, உருவமே தொற்றிக்கொள்கிறது. அறிவியல் உலகம் இதை ஏற்கத் தயங்கியது நியாயமே. ஆயினும் சான்றுகள் வேறு முடிவுக்கு இடம் வைக்கவில்லை.

பப்புவா நியூ கினியின் கிழக்கு மலைநாட்டில் வாழும் ஃபோரே மக்களைத் தாக்கிய குரு என்னும் பிரியான் நோயை மருத்துவர்கள் கஜ்டுசெக்கும் சிகாஸும் 1957இல் விவரித்தார்கள். நடை தள்ளாடும், உடல் நடுங்கும், பிறகு சாவுதான். இறந்த உறவினரின் உடலை உண்பது அம்மக்களுக்கு அன்று அன்பின் கடனாயிருந்தது. அதை வெறும் கொடூரம் என்று எழுதியவர்கள் அவர்களுக்கு அநீதி இழைத்தார்கள். மூளை பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பங்காயிற்று. நோயும் அவர்களையே மிகுதியாகக் கொண்டுபோனது. ஆட்டின் ஸ்க்ரேப்பி நோயும் மூளையை இப்படியே சிதைக்கிறது என்று கால்நடை மருத்துவர் ஹாட்லோ 1959இல் சுட்டிக்காட்டினார். 1966இல், குரு நோயாளியின் மூளைத்திசு செலுத்தப்பட்ட சிம்பன்சிக்கும் நோய் வந்தது உறுதியாயிற்று. உடலை உண்ணும் வழக்கம் ஒழிந்தபின் பிறந்தவர்களுக்கு நோய் வரவில்லை. முன்னர் உண்டவர்களில் சிலருக்கோ ஐம்பதாண்டு கழித்தும் வந்தது.

இந்நோய்களின் காரணி கண்ணுக்குத் தப்பிய வைரஸாக இருக்கக்கூடாதா என்பது முதல் மறுப்பு. மரபுப்பொருளைச் சிதைக்கும் புறஊதாக் கதிருக்கு ஸ்க்ரேப்பியின் காரணி அசையவில்லை என்று 1967இலேயே ஆய்வாளர் டிக்வா ஆல்ப்பர் காட்டியிருந்தார். 1982இல் ஆய்வாளர் புருசினர் அக்காரணிக்குப் 'பிரியான்' என்று பெயரிட்டார். அந்தப் புரதத்துக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளை ஸ்க்ரேப்பி தாக்கவில்லை என்று 1993இல் ஆய்வாளர் வைஸ்மனின் குழு கண்டது. அப்போதும், வைரஸ் நுழையும் வாசலாக அப்புரதம் இருக்கலாமே என்று கேட்க இடமிருந்தது. 2010இல் ஆய்வாளர்கள், பாக்டீரியாவில் தயாரித்த புரதத்தைக் கொழுப்போடும், எலியின் ஈரலிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வோடும் சேர்த்துச் சோதனைக்குழாயிலேயே பிறழவைத்து, அதனால் இயல்பான எலிகளுக்கு நோயை வரவழைத்தார்கள். வைரஸ் அங்கே எங்கிருந்து வரும்? மரபுப்பொருள் இல்லாமல் நோயில் பல வகைகள் எப்படி என்பதே வலுவான மறுப்பு. ஒரே அமினோ அமிலச் சங்கிலி பலவாறு மடியலாம். வகைக்கு வகை மடிப்பு மாறுவதை அண்மைக்கால மின்னணு நுண்ணோக்கிப் படங்கள் காட்டுகின்றன.

ஃபோரே பகுதியிலேயே இன்னொரு சான்றும் கிடைத்தது. குருவுக்குத் தப்பியவர்களில் சிலரிடம் அப்புரதத்தின் 127ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. 2009இல் இது வெளியானது. அந்த மாற்றத்தை எலிகளில் புகுத்தியபோது குரு அவற்றைத் தீண்டவில்லை.